தரவுத்தளப் பிழையை எங்கே பிடிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதப் பகுதிக்கு வந்த கடிதங்கள் நீலகிரியின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை என்றாலும், கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான். ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழியில் எழுதிய நிரல் தரவுத்தளத்தை அணுகும்போது பிழை எழுந்தால், அதை எங்கே பிடிப்பது, பிடித்து என்ன செய்வது? முதல் கடிதத்தில் ஒரு சிறு விவசாயியின் மூன்று நாள் உழைப்பு அடங்கியிருப்பதால், அதற்குச் சற்று அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பணி பார்க்கிறேன். கிராமங்களில் பசுந்தேயிலையை எடை போட்டதும், எங்கள் ஆட்கள் விவசாயிக்கு எடைச்சீட்டு கொடுத்துவிட்டு, அதே எடையைக் கைபேசியில் பதிவு செய்வார்கள். அது தொழிற்சாலையில் ஓடும் ஜாவா நிரல் வழியாகத் தரவுத்தளத்தில் சேரும். நவம்பர் மழையில் மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி போயின. மாதக் கணக்கு முடித்தபோது ஒரு விவசாயி தம் சீட்டுகளைக் கொண்டுவந்து, மூன்று நாள் இலை கணக்கில் இல்லை என்றார். சீட்டுகள் சரியாகவே இருந்தன. ஆனால் திரையில் எந்தப் பிழையையும் யாரும் பார்த்ததில்லை. நிரலில் எல்லா மெத்தடிலும், அதாவது நிரலின் ஒவ்வொரு செயல் பகுதியிலும், பிழையைப் பிடிக்கும் டிரை–கேட்ச் எழுதியிருக்கிறோம். அப்படியிருந்தும் இது எப்படி நேர்ந்தது? நிரலின் ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகர், கோத்தகிரி.

பதில்: எல்லா மெத்தடிலும் டிரை–கேட்ச் எழுதியதால்தான் இது நேர்ந்தது. நீங்கள் அனுப்பிய பகுதியில், எடையைச் சேமிக்கும் மெத்தட், தரவுத்தளப் பிழையை அறிவிக்கும் எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனைப் பிடித்து, பிழை விவரத்தை அச்சிடும் பிரிண்ட்-ஸ்டாக்-ட்ரேஸ் என்ற ஒரே வரியை ஓடவிட்டு, எதுவும் நடக்காதது போல முடிந்துவிடுகிறது. அதை அழைத்த மெத்தடுக்குச் சேமிப்பு தோற்றது தெரிய வழியே இல்லாததால், அது கைபேசிக்குப் ‘பதிவானது’ என்று பதில் அனுப்பிவிடுகிறது. கைபேசியும் தன்னிடமிருந்த பதிவை அழித்துவிடுகிறது. பிழையின் விவரம் அச்சானது உண்மைதான். ஆனால் உங்கள் நிரல் திரை இல்லாமல் பின்னணியில் ஓடும் சேவை. அந்த வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி வைக்காதவரை அதைப் பார்க்க ஆளில்லை.

இரண்டாவது மெத்தடை இன்னும் கவலையோடு பார்த்தேன். ஒரு விவசாயியின் மாத மொத்தத்தைக் கேட்கும் அந்த மெத்தட், பிழை வந்தால் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தருகிறது. பூஜ்ஜியம் கிலோ என்றால் அவர் அந்த மாதம் இலை தரவில்லை என்று பொருள். தரவுத்தளத்தை அடைய முடியவில்லை என்றால், எவ்வளவு தந்தார் என்பது நமக்குத் தெரியாது என்று பொருள். இவ்விரண்டையும் ஒரே எண்ணாக எழுதிவிட்டால், பின்னால் வரும் எந்தக் கணக்காளராலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. வெற்றுப் பட்டியலையோ, ‘மதிப்பே இல்லை’ என்று பொருள்படும் நல்-ஐயோ திருப்பித் தருவதிலும் இதே கேடு இருக்கிறது.

எக்ஸெப்ஷன் என்ற ஏற்பாடு எதற்காகத் தோன்றியது என்பதை நினைவில் கொண்டால் வழி புலப்படும். சி போன்ற மொழிகளில் ஒரு செயல் தோற்றால், அதை ஓர் எண்ணாகத் திருப்பித் தருவது வழக்கம். அழைத்தவர் அந்த எண்ணைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போய்விட முடியும். 1975-இல் ஜான் குடினஃப் இது குறித்து எழுதிய ஆய்வுக் கட்டுரையும், அதே காலத்தில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய சிஎல்யூ மொழியும் வேறொரு பாதையை வகுத்தன: செயல் தோற்றால் வழக்கமான ஓட்டம் அங்கேயே நின்று, அதைக் கையாளத் தகுந்த இடத்தைத் தேடிக் கட்டுப்பாடு மேலே போக வேண்டும். ஜாவாவுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பாதைதான். மேலே போகவேண்டிய செய்தியை முதல் படியிலேயே பிடித்து விழுங்கிவிட்டால், பழைய முறையைவிட மோசமான நிலைக்குத் திரும்பிவிடுகிறோம்; ஏனெனில் அங்கே பார்ப்பதற்கு ஓர் எண்ணாவது இருந்தது.

ஆகவே கேட்ச் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்தில் இந்தப் பிழையை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுக்க முடியும்? முடிவு எதையும் எடுக்க முடியாது என்றால், அங்கே பிடிக்க வேண்டியதில்லை, மேலே போகட்டும்.

உங்கள் நிரலில் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும் கிளாஸை, அதாவது மெத்தடுகளின் தொகுதியை, எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையைச் சேர்க்கத் தெரிந்த கிளாஸ் அது. அதைக் கேட்டவர் வயலோரம் நிற்கும் எடைக்காரரா, இரவில் ஓடும் மாதக் கணக்கா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மறுபடி முயல்வதா, நிறுத்துவதா என்று அது முடிவு செய்ய இயலாது. அதனால் செய்யக்கூடியவை இரண்டுதான். திறந்த இணைப்பையும், தரவுத்தளக் கட்டளையை ஏந்தும் ஸ்டேட்மென்ட்டையும் மூடுவது ஒன்று. எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனை உங்கள் துறையின் பொருள் கொண்ட எக்ஸெப்ஷனாக, அதாவது ‘இந்தச் சீட்டு ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ அல்லது ‘சேமிப்பிடத்தை அடைய முடியவில்லை’ என்பதாக, மாற்றி எறிவது மற்றொன்று. அப்படி மாற்றும்போது பழைய எக்ஸெப்ஷனைப் புதியதன் காரணமாக உள்ளே வைத்தே அனுப்புங்கள். செய்தியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு மூலத்தை எறிந்துவிட்டால், எந்த வரியில், எந்த எண்ணோடு பிழை எழுந்தது என்பது மறைந்துவிடும்.

அதற்கு மேலே உள்ள சேவை கிளாஸுக்கு, ஒரு கிராமத்தின் ஒரு நாள் எடைகள் அனைத்தும் ஒரே பரிவர்த்தனை, அதாவது முழுவதும் சேரவேண்டிய அல்லது முழுவதும் விடவேண்டிய ஒரு தொகுதி, என்பது தெரியும். பாதியில் பிழை வந்தால் முழுவதையும் ரோல்பேக் செய்யும், அதாவது பழைய நிலைக்குத் திருப்பும், முடிவு அதனுடையது. அதற்கும் மேலே, கைபேசியின் கோரிக்கையை வாங்கும் இடத்துக்கு, மறுமுனையில் ஒருவர் பதிலுக்காகக் காத்திருப்பது தெரியும். தோல்வியைத் தோல்வி என்றே சொல்லவேண்டிய இடம் அது. கைபேசியில் உள்ள நிரல், சேமித்தாயிற்று என்ற உறுதியான பதில் வந்த பிறகே தன் பதிவை அழிக்க வேண்டும். வேறு பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், பதிவு கைபேசியில் காத்திருக்க வேண்டும். பிழைக் குறிப்பான லாக் எழுதுவதையும் இந்த மேல் இடத்திலேயே ஒரே முறை செய்யுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் எழுதிவிட்டு மறுபடி எறிந்தால், ஒரே பிழை மூன்று பிழைகளாகத் தெரிந்து, தேடுபவரைக் குழப்பும்.

இணைப்புகளை மூடுவது பற்றியும் ஒரு சொல். உங்கள் நிரலில், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் கையால் மூடியிருக்கிறீர்கள். மூடும்போதே இன்னொரு பிழை எழுந்தால், அந்த இரண்டாவது பிழை முதல் பிழையைத் துடைத்துவிட்டுத் தான் மேலே போகும். உண்மையான காரணம் காணாமல் போகும். 2011-இல் வெளியான ஜாவா 7 முதல், டிரை என்ற சொல்லுக்கு அடுத்துள்ள அடைப்புக்குள்ளேயே இணைப்பைத் திறந்தால், பகுதி முடிந்ததும் அது தானே மூடப்படும். மூடுகையில் எழும் பிழை, முதல் பிழையோடு ஒட்டிய துணைப் பிழையாகப் பாதுகாக்கப்படும். மூடப்படாத இணைப்புகள் சேர்ந்துகொண்டே போனால், திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மாற்றி மாற்றித் தரும் இணைப்புத் தொகுப்பு ஒரு நாள் வற்றிவிடும். அப்போது பிழை எழுவது, தவறு செய்த மெத்தடில் அன்றி, அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு மெத்தடில்.

நிரலைத் திருத்துவதற்கு முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. எடைச்சீட்டுகளில் வரிசை எண் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் மாதம் முழுவதற்கும் அந்த எண்களில் எங்கெங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்த ஒருவர் கேட்க வந்தார். சீட்டைத் தொலைத்தவர்களும், கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பேசாமல் போனவர்களும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிப் போய்க் கொடுக்கவேண்டிய பொறுப்பு தொழிற்சாலையுடையது. அதற்கான பட்டியலை எடுத்துத் தரவேண்டிய பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: எந்தப் பிழை வந்தாலும் எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷன் என்ற ஒரே பெயரில்தான் வருகிறது. செய்தியில் ‘டூப்ளிகேட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து முடிவு செய்கிறேன். இது சரியா? – கல்லூரி மாணவி, குன்னூர்.

பதில்: இன்று வேலை செய்யும், என்றோ ஒரு நாள் நின்றுபோகும். செய்தி என்பது மனிதர் படிப்பதற்கு. பதிப்பு மாறினால் அதன் வாசகம் மாறலாம்; போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சர்வரின் மொழி அமைப்பை மாற்றினால் செய்தியின் மொழியே மாறிவிடும். நிரல் படிப்பதற்கென்று அதே எக்ஸெப்ஷனுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன.

முதலாவது எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற ஐந்து எழுத்துக் குறியீடு. 1992-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையிலிருந்து வருவது. முதல் இரண்டு எழுத்துகள் வகையைச் சொல்லும்: 08 என்றால் இணைப்பில் கோளாறு, 22 என்றால் தரவின் வடிவம் அல்லது அளவு பொருந்தவில்லை, 23 என்றால் அட்டவணையின் கட்டுப்பாடு மீறப்பட்டது, 28 என்றால் பயனர் அடையாளம் ஏற்கப்படவில்லை, 40 என்றால் பரிவர்த்தனை பின்வாங்கப்பட்டது, 42 என்றால் கட்டளையின் இலக்கணப் பிழை அல்லது அனுமதிக் குறை. மீதி மூன்று எழுத்துகள் உட்பிரிவு. போஸ்ட்கிரெஸில் 23505 என்பது ஒரே மதிப்பு இரண்டாம் முறை வருவது. 23503 என்பது அயல்விசைக் கட்டுப்பாடு, அதாவது வேறோர் அட்டவணையில் உள்ள வரிசையையே சுட்ட வேண்டும் என்ற விதி, மீறப்படுவது. இரண்டாவது எண், தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பிழை எண். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இரட்டைப் பதிவுக்கு 1062, இரு பரிவர்த்தனைகள் ஒன்றுக்காக மற்றொன்று காத்து முடங்கும் டெட்லாக்குக்கு 1213.

முதலாவது எண் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். பல வேளைகளில் போதும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் வேறு பரிவர்த்தனை பிடித்துவைத்துள்ள பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துபோனால், எஸ்க்யூஎல்ஸ்டேட் எச்ஒய்000 என்ற பொதுக் குறியீடாகவே வருகிறது. 1205 என்ற சொந்த எண்ணைப் பார்த்தால்தான் விவரம் தெரியும். அதே 1205, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் டெட்லாக்குக்கு உரியது. ஆகவே சொந்த எண்ணைப் பார்க்கும்போது, எந்தத் தரவுத்தளத்தோடு பேசுகிறோம் என்பதும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

பொருள்நோக்கு மொழியில் இந்த வேறுபாடுகளை எண்களாக வைத்திருப்பதைவிட வகைகளாக வைப்பதே இயல்பு. 2006-இன் இறுதியில் வந்த ஜாவா 6, எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனுக்குப் பல துணை கிளாஸ்களைத் தந்தது. மறுபடி முயன்றால் சரியாகக்கூடிய பிழைகள், முயன்று பயனில்லாத பிழைகள், இணைப்பைப் புதுப்பித்தால் மீளக்கூடிய பிழைகள் என்று மூன்று பெரிய கிளைகள் அதில் உண்டு. அழகான பிரிவு, ஆனால் தரவுத்தளத்தோடு பேச உதவும் எல்லா டிரைவர்களும் இதைப் பின்பற்றுவதில்லை. ஜாவாவுக்கான போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர், பெரும்பாலும் தன்னுடைய ஒரே எக்ஸெப்ஷன் கிளாஸையே எறிகிறது. அதனால்தான் ஸ்பிரிங் போன்ற கட்டமைப்புகள் இந்த எண்களைத் தாமே படித்து, டேட்டா ஆக்ஸஸ் எக்ஸெப்ஷன் என்ற தாய் கிளாஸின் கீழ் ஒரு குடும்பத்தையே அமைத்திருக்கின்றன. அக்குடும்பத்தில் இரட்டைப் பதிவுக்கும், பூட்டுக் கிடைக்காததற்கும், நேரம் கடந்ததற்கும் தனித்தனிக் கிளாஸ்கள் உண்டு. நீங்கள் கட்டமைப்பு எதையும் பயன்படுத்தவில்லை என்றால், இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் சிறு கிளாஸ் ஒன்றை நீங்களே எழுதலாம். நூறு வரிக்குள் அடங்கும். எண்களைப் பற்றிய அறிவு முழுவதும் அந்த ஒரே கிளாஸுக்குள் இருக்கட்டும். வெளியே ஒருபோதும் கசிய வேண்டாம்.

பைத்தான் பயில்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பெப் 249 என்ற ஆவணம், எல்லாத் தரவுத்தள டிரைவர்களுக்கும் பொதுவான பிழைக் குடும்பத்தை வகுத்திருக்கிறது. கட்டுப்பாடு மீறல் இன்டெக்ரிட்டி எரர், இணைப்புப் போன்றவை ஆப்பரேஷனல் எரர். எண்ணம் ஒன்றுதான்.

கேள்வி: எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷன், பிடிக்க வேண்டும் அல்லது மேலே எறிவதாக அறிவிக்க வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. அதை ரன்டைம் எக்ஸெப்ஷனாக மாற்றிவிட்டால் கட்டாயம் போய்விடுமே, அது தவறில்லையா? – மென்பொருள் பணியாளர், வெலிங்டன்.

பதில்: கட்டாயம் இருந்ததால்தான் கோத்தகிரி வாசகரின் நிரலில் வெறும் கேட்ச்கள் முளைத்தன. கம்பைலரை அமைதிப்படுத்த எழுதிய கேட்ச், பிழையைக் கையாள எழுதிய கேட்ச் ஆகாது. தரவுத்தளப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு உடனே அழைத்தவரால் ஒன்றும் செய்ய இயலாது. அவை இடையிலுள்ள மெத்தடுகளைத் தொடாமல் மேலே போவதே நல்லது. ஸ்பிரிங்கின் குடும்பம் முழுவதும் ரன்டைம் வகையாக இருப்பதற்கு இதுவே காரணம். சி ஷார்ப் மொழியில் கட்டாய வகையே கிடையாது.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தெரியாமல் விழுந்தவர்கள் பலர். ஸ்பிரிங்கில் டிரான்சாக்ஷனல் என்று குறித்த மெத்தடிலிருந்து ரன்டைம் எக்ஸெப்ஷன் வெளியேறினால் பரிவர்த்தனை ரோல்பேக் ஆகும். கட்டாய வகை எக்ஸெப்ஷன் வெளியேறினால், வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கமிட் ஆகிவிடும், அதாவது நிலையாகச் சேமிக்கப்பட்டுவிடும். உங்கள் சொந்த எக்ஸெப்ஷன்களைக் கட்டாய வகையாக வைத்திருந்தால், எந்த எக்ஸெப்ஷனுக்கு ரோல்பேக் வேண்டும் என்பதை அந்த டிரான்சாக்ஷனல் குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி: வீட்டோடு சேர்ந்து நான்கு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். என் மகன் எழுதிக் கொடுத்த பதிவு நிரலில், மே மாத நெரிசலில் ஒரே அறை ஒரே தேதிக்கு இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிட்டது. அறை காலியா என்று பார்த்த பிறகுதான் பதிவு செய்கிறது என்கிறான். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். பிழையும் வரவில்லை. – ஒரு வாசகி, உதகை.

பதில்: அம்மா, இங்கே பிழை வந்திருக்க வேண்டும், வராமல் போனதுதான் குறை. இரண்டு குடும்பங்கள் ஒரே விநாடியில் கேட்டிருக்கிறார்கள். இருவருக்காகவும் நிரல் பார்த்தபோது அறை காலியாகவே இருந்தது. பிறகு இருவருக்கும் எழுதிவிட்டது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள இடைவெளியை, நிரலில் எத்தனை இஃப் எழுதினாலும் அடைக்க முடியாது. அந்தக் காவலைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.

அறை எண்ணும் தேதியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு, ஒரே இரவுத் தங்கலுக்குப் போதும். வெள்ளி முதல் திங்கள் வரை ஒருவரும், ஞாயிறு முதல் புதன் வரை மற்றொருவரும் கேட்டால், தொடக்கத் தேதிகள் வேறு என்பதால் அது ஏமாந்துவிடும். போஸ்ட்கிரெஸில் 9.0 பதிப்பு முதல் விலக்குக் கட்டுப்பாடும், 9.2 முதல் தேதி வீச்சு என்ற தரவு வகையும் உண்டு. ஒரே அறை எண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு தேதி வீச்சுகள் இருக்கக் கூடாது என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். அறை எண்ணையும் சேர்த்து ஒப்பிட பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்சியை நிறுவ வேண்டியிருக்கும். வீச்சின் முடிவுத் தேதி அதில் சேராது என்று வைப்பது இயல்பான வழக்கம் என்பதால், திங்கள் காலை ஒருவர் கிளம்பி அன்று மதியமே மற்றொருவர் வருவதற்குத் தடை இருக்காது.

இனி, இரண்டாவது குடும்பத்துக்கு 23பி01 (பி என்பது ஆங்கில P) என்ற குறியீட்டோடு பிழை எழும். நிரலின் பார்வையில் அது பழுது அல்ல. ‘அந்த அறை சற்று முன்தான் பதிவாகிவிட்டது’ என்ற செய்தி. அந்த ஒரு குறியீட்டை மட்டும் பிடித்து, விருந்தினருக்கு அந்தச் செய்தியைக் காட்டி, காலியாக உள்ள வேறு அறைகளைத் தரலாம். மற்ற பிழைகள் மேலே போகட்டும்.

மகனுக்கு ஓர் எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸில் ஒரு பரிவர்த்தனைக்குள் ஒரு கட்டளை தோற்றால், அந்தப் பரிவர்த்தனை முழுவதும் செயலிழந்துவிடும். அடுத்து எந்தக் கட்டளையை அனுப்பினாலும் 25பி02 என்ற பிழையே திரும்பி வரும். பிழையைப் பிடித்துவிட்டு அதே பரிவர்த்தனையில் மாற்று அறையைத் தேடக் கூடாது. முதலில் ரோல்பேக் செய்து புதிதாகத் தொடங்க வேண்டும். அல்லது பதிவு செய்வதற்குச் சற்று முன் ஒரு சேவ்பாயின்ட் வைத்து, அதுவரை மட்டும் பின்வாங்க வேண்டும்.

கேள்வி: ஆடி மாத மழையில் எங்கள் ஊரில் இணைப்பு நாளுக்குப் பலமுறை அறுந்து சேரும். பிழை வந்தால் மூன்று முறை மறுபடி முயலும்படி எழுதியிருக்கிறேன். இப்போது சில பதிவுகள் இரண்டு முறை சேர்ந்துவிடுகின்றன. – கூட்டுறவுச் சங்கத்துக்கு நிரல் எழுதும் இளைஞர், மஞ்சூர்.

பதில்: எல்லாப் பிழைக்கும் மறுபடி முயல்வது, பூட்டிய கதவுக்குத் தவறான சாவியைத் திரும்பத் திரும்பப் போடுவது போன்றது. 42 வகையில் இலக்கணப் பிழையோ 23 வகையில் கட்டுப்பாடு மீறலோ வந்தால், நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான். ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் மோதுவதைச் சொல்லும் 40001, போஸ்ட்கிரெஸின் டெட்லாக் எண்ணான 40பி01, மைஎஸ்க்யூஎல்லின் 1213 ஆகியவை மறுபடி முயலத் தகுந்தவை. அங்கே தரவுத்தளமே உங்கள் பரிவர்த்தனையைப் பின்வாங்கிவிட்டு, மறுபடி வா என்கிறது. அப்போது தோற்ற ஒரு கட்டளையை மட்டும் அனுப்பாமல், பரிவர்த்தனையை முதல் வரியிலிருந்து, படித்த மதிப்புகளைப் புதிதாகப் படித்து, மறுபடி ஓட்ட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 1205 வந்தால் இன்னும் கவனம் தேவை: இயல்பான அமைப்பில் தோற்ற அந்த ஒரு கட்டளை மட்டுமே பின்வாங்கப்படுகிறது, பரிவர்த்தனை திறந்தே இருக்கிறது. நீங்களே ரோல்பேக் சொல்ல வேண்டும்.

உங்கள் இரட்டைப் பதிவு வேறிடத்திலிருந்து வருகிறது. நிரல் கமிட் என்று அனுப்புகிறது. சர்வர் அதை ஏற்றுச் சேமித்துவிடுகிறது. ‘சேமித்தாயிற்று’ என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுகிறது. உங்கள் பக்கம் 08 வகைப் பிழை தெரிகிறது. கமிட் சர்வரை அடையும் முன்பே அறுந்திருந்தாலும் உங்கள் பக்கம் தெரிவது அதே பிழைதான். முதல் நிலையில் மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவு; இரண்டாம் நிலையில் அனுப்பாவிட்டால் இழப்பு. எக்ஸெப்ஷனை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது நடந்தது என்பதை அது சொல்லாது. அந்தத் தகவல் மறுமுனையில் இருக்கிறது.

இதற்கு நம்பத்தக்க தீர்வு, மறுபடி அனுப்புவதால் கேடு விளையாதபடி பதிவையே அமைப்பதுதான். பதிவு பிறக்கும் இடத்தில், அதாவது கைபேசியிலேயே, அதற்கென்று ஒரு தனித்த அடையாள எண்ணை உருவாக்குங்கள். நடைமுறையில் வேறெதனோடும் மோதாதபடி உருவாக்கப்படும் யூயூஐடி என்ற எண் இதற்கு ஏற்றது. எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண் போக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண் உருவாக்கினால் பயனில்லை. அட்டவணையில் அந்த எண் ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாட்டை வையுங்கள். இரண்டாம் முறை போகும்போது 23505 வந்தால், முன்பு அனுப்பியது சேர்ந்துவிட்டது என்று பொருள். அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டு கைபேசிக்குச் சொல்லலாம். அதற்கு முன், மீறப்பட்டது அந்த எண்ணின் கட்டுப்பாடுதானா என்பதைக் கட்டுப்பாட்டின் பெயரைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், மோதினால் ஒன்றும் செய்யாதே என்று சேர்க்கும் கட்டளையிலேயே சொல்லிவிடும் வசதியும் இருக்கிறது.

முயற்சிகளுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். நீங்கள் மூன்று முறையும் உடனுக்குடன் முயல்கிறீர்கள். மஞ்சூரில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அது மூன்று விநாடியில் சரியாவதில்லை. ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஓர் உச்ச அளவில் நிறுத்துங்கள். அதோடு சிறிது தற்செயல் நேரத்தையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு வந்த அதே நொடியில் எல்லாக் கைபேசிகளும் ஒன்றாகப் பாய்ந்து சர்வரைத் திணறடிக்கும்.

கேள்வி: காபி, மிளகு வாங்கும் கடை நடத்துகிறேன். காலையில் கடை திறந்து போடும் முதல் ரசீது தினமும் பிழையாகிறது; இரண்டாவது முறை சரியாகிவிடுகிறது. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். – கூடலூர் வாசகர்.

பதில்: இரவு முழுவதும் சும்மா இருந்த இணைப்பை மைஎஸ்க்யூஎல் துண்டித்திருக்கிறது. இயல்பான அமைப்பில் 28,800 விநாடிகள், அதாவது 8 மணி நேரம் எதுவும் பேசாத இணைப்பை அது மூடிவிடும். உங்கள் நிரல் அது தெரியாமல் பழைய இணைப்பிலேயே பேசுகிறது. நேரத்தை நீட்டுவதால் பயனில்லை; நிரலை எழுதியவரிடம் இணைப்புத் தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஹிகாரி என்ற தொகுப்பு, இயல்பாகவே 30 நிமிடத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை ஓய்வு கொடுத்துப் புதுப்பித்துவிடும். தானாக மறு இணைப்பு செய்யும் டிரைவர் அமைப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிவர்த்தனையின் நடுவில் இணைப்பு மாறினால், முதல் பாதி தொலைந்து பிற்பாதி மட்டும் பதிவாகும் ஆபத்து அதில் இருக்கிறது.

கேள்வி: பிழைச் செய்தியை அப்படியே திரையில் காட்டினால் வாடிக்கையாளர் எங்களுக்குப் படித்துச் சொல்ல வசதியாக இருக்குமே? – ஒரு வாசகர், குன்னூர்.

பதில்: காட்ட வேண்டாம். அட்டவணைகளின் பெயர்களும் கட்டளையின் வடிவமும் அந்தச் செய்தியில் இருக்கும். தன் கட்டளையை நிரல் வழியாகத் தரவுத்தளத்துக்குள் புகுத்தும் எஸ்க்யூஎல் ஊடுருவல் செய்ய முயல்பவருக்கு அது வழிகாட்டிப் பலகை. திரையில் ஒரு குறுகிய தமிழ் வாக்கியமும் ஒரு பிழை எண்ணும் போதும். அதே எண்ணோடு முழு விவரமும் உங்கள் லாக் கோப்பில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அந்த எண்ணைப் படித்துச் சொன்னால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை லாக்கில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.